சும்மா கிடந்த போனில் சார்ஜ் எங்கே போனது?

கைப்பேசி கேள்வி – பதில்

சென்ற இதழில் ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்று கேட்ட ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று அடுத்தடுத்து வந்த கடிதங்களைப் பார்த்ததும் புரிந்தது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் ஒரு தனியார் செல்போன் நிறுவனத்தில் 22 வருடம் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்த்தவள். நெல்லை, தூத்துக்குடி, குமரி என்று ஒரு வண்டியில் லேப்டாப்பும் நான்கு போன்களுமாக, ஊர் ஊராகச் சிக்னலை அளக்கும் ‘டிரைவ் டெஸ்ட்’ சுற்றியது பாதி வேலை. கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து டவர்களின் கணக்கைப் பார்த்தது மீதிப் பாதி.

கேள்வி: இரவு பத்து மணிக்கு என் போனில் நூறு சதவீதம் சார்ஜ் இருந்தது. காலை ஐந்தரைக்கு எடுத்துப் பார்த்தால் 81. இடையில் நான் தொடவே இல்லை. டேட்டா கணக்கைப் பார்த்தேன், ராத்திரி முழுக்க 9 எம்.பி.தான் போயிருக்கிறது. 9 எம்.பி.க்கு இவ்வளவு சார்ஜ் செலவாகுமா? போன் பழுதா? வாட்ஸ்அப்பில் 34 குழுக்களில் இருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, மன்னார்குடி

டீச்சர், டேட்டா கணக்கையும் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். உங்கள் சந்தேகத்துக்கான பதில் அந்த 9 எம்.பி.யில்தான் இருக்கிறது. அது மொத்தமாக ஒரே தடவையில் வந்திருந்தால் அதற்காக உங்கள் சார்ஜ் ஒரு சதவீதம்கூடக் குறைந்திருக்காது. துளித்துளியாக ராத்திரி முழுக்க வந்திருக்கிறது.

4ஜி வந்த புதிதில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சோதனை செய்தோம். அப்போதெல்லாம் பேட்டரியைக் கழற்ற முடியும். பேட்டரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒயர் வைத்து மேஜை மேல் இருக்கும் பவர் சப்ளையிலிருந்து கரண்ட் கொடுத்தோம். எவ்வளவு கரண்ட் போகிறது என்று மீட்டரில் எண் ஓடும். திரை அணைந்து போன் தூங்கும்போது 5, 6 மில்லி ஆம்பியர். பக்கத்து மேஜையிலிருந்து ‘ம்’ என்று ஒரே ஓர் எழுத்தை மெசேஜாக அனுப்பினோம். திரை எரியாதபடி முன்பே செய்து வைத்திருந்தோம். எண் சட்டென்று 250-ஐத் தாண்டியது. அந்த ஓர் எழுத்து வந்து சேர அரை நொடிகூட ஆகவில்லை. ஆனால் எண் இறங்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினோம். பத்தைத் தாண்டப் போகும்போதுதான் பொத்தென்று விழுந்தது.

அந்தப் பத்து நொடிதான் உங்கள் சார்ஜைத் தின்றது. மெசேஜ் வந்த பிறகும் போனுக்கும் டவருக்கும் நடுவில் தொடர்பு உடனே அறுவதில்லை. ‘இன்னும் ஏதாவது வரலாம்’ என்று டவர் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். 4ஜி-யில் அது பெரும்பாலும் பத்து நொடி அளவு. எங்கள் தொழிலில் இதை ‘டெயில்’ என்போம், வால். எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்பதை நிறுவனம்தான் முடிவு செய்யும், போன் அல்ல.

வீட்டில் போர் மோட்டார் இருக்கிறது, மேலே தொட்டி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் மோட்டாரைப் போட வேண்டும். அதுவும், ஒரு தடவை போட்டால் பத்து நிமிடம் ஓடித்தான் நிற்கும் என்கிற மாதிரி மோட்டார். மாசக் கடைசியில் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு ‘மொத்தமே ரெண்டு குடம் தண்ணிதானே எடுத்தோம்’ என்றால் அது உண்மைதான். ஆனால் பில் குடத்தைப் பார்த்து வருவதில்லை.

கணக்காகவே பார்ப்போம். நிமிடத்துக்கு ஒரு தடவை ஏதோ ஓர் ஆப் போனை எழுப்புகிறது. ஒவ்வொரு தடவையும் பத்து நொடி. அறுபதில் பத்து, அதாவது ஆறில் ஒரு பங்கு. ஒரு நாளில் அது நான்கு மணி நேரம். நாங்கள் சோதித்த போனில் 250 மில்லி ஆம்பியர் என்றால் நான்கு மணி நேரத்துக்கு 1,000 எம்.ஏ.ஹெச்., பேட்டரியின் அளவைச் சொல்லும் அதே கணக்கு. உங்கள் பேட்டரி 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். ஏழரை மணி நேரத்திலேயே 19 சதவீதம் போனது என்றால் உங்கள் போன் இதைவிட அடிக்கடி எழுந்திருக்க வேண்டும். இப்போதைய போன்கள் அந்தப் பத்து நொடிக்குள்ளேயும் இடையிடையே கண்ணை மூடித் திறக்கும், அதனால் செலவு குறைவு. ஆனாலும் விஷயம் அதேதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரும் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தினரும் 2011-இல் ‘பண்டோரா’ என்ற பாட்டு ஆப்பை ஆராய்ந்தார்கள். பாட்டை அது ஒழுங்காக, ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டது. ஆனால் ‘இவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்’ என்று கணக்குச் சொல்வதற்காக ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை சின்னத் தகவல் ஒன்றை அனுப்பியது. மொத்த டேட்டாவில் அந்தத் தகவலின் பங்கு 0.2 சதவீதம். போனுக்குள் டவரோடு பேசும் பகுதியை ரேடியோ என்போம். அந்த ரேடியோவுக்குச் செலவான மின்சக்தியில் அதன் பங்கு 46 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் முதலில் படித்த அன்று நான் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். பாட்டுக்குச் செலவாகாத சார்ஜ் வருகைப் பதிவுக்குச் செலவாகியிருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் ஒரு ராத்திரி மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டுத் தூங்குங்கள். சாதாரண போன் அழைப்பு எப்போதும்போல வரும், பயப்பட வேண்டாம். காலையில் 95-க்குப் பக்கத்தில் இருந்தால் காரணம் ஆப்கள். அப்போதும் 80 என்றால் சிக்னலோ பேட்டரியோ காரணம், அதற்கு வேறு வைத்தியம். ஆப்கள்தான் என்று தெரிந்தால் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து, நீங்கள் தொடாமலே பின்னணியில் ஓடியது எது என்று பாருங்கள். கடைக்கார ஆப்கள், செய்தி ஆப்கள், விளம்பரம் காட்டும் இலவச விளையாட்டுகள் மேலே நிற்கும். வேண்டாததை நீக்குங்கள், வேண்டியதற்குப் பின்னணி அனுமதியைக் குறையுங்கள்.

34 குழுக்கள் விஷயம். மியூட் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மியூட் செய்தால் சத்தம்தான் நிற்கும், செய்தி வந்துகொண்டேதான் இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர் அனுப்பும் வணக்கமும் போனை எழுப்பும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘மீடியா ஆட்டோ டவுன்லோட்’ என்று இருப்பதில் மொபைல் டேட்டாவுக்கு எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் ராத்திரி அதில் விடுங்கள். வைஃபையில் இந்தப் பத்து நொடி வால் கிடையாது. எந்தக் குழுக்களிலிருந்து விலகுவது என்பதை மட்டும் நான் சொல்ல முடியாது.

கேள்வி: வேலை முடிந்ததும் திறந்திருக்கும் எல்லா ஆப்பையும் மேலே தள்ளி மூடிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது தள்ளுவேன். சார்ஜ் மிச்சமாகிறதா?
— கல்லூரி மாணவி, விருதுநகர்

இல்லை. பெரும்பாலும் கூடுதலாகத்தான் செலவாகும். மூடிய ஆப்பை மறுபடி திறந்தால் முதலிலிருந்து எழுந்து, பக்கத்தை மறுபடி நெட்டிலிருந்து இறக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்தே ‘டோஸ்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. திரை அணைந்து, போன் அசையாமல் கிடந்தால், ஆப்களின் நெட் வேலையைத் தள்ளிவைத்து, இடைவெளி விட்டு ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்ய விடும். நம் மோட்டாருக்குத் தொட்டி கட்டிய மாதிரி.

ஓர் ஆப் மட்டும் கிறுக்குப் பிடித்தமாதிரி ஓடினால் அதை மூடத்தான் வேண்டும். 2015 அக்டோபரில் ஐபோனில் ஃபேஸ்புக் ஆப் சார்ஜை உறிஞ்சுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த நிறுவனமே ஒத்துக்கொண்டு காரணத்தையும் சொன்னது. நெட் தொடர்பு பார்க்கும் நிரலின் ஒரு பகுதி, ‘வந்ததா, வந்ததா’ என்று ஓயாமல் கேட்டுப் பிராசஸரைச் சுழல விட்டிருக்கிறது. அதுபோக, வீடியோ பார்த்து முடித்த பிறகும் ஒலித் தொடர்பு மூடப்படாமல் சத்தமே இல்லாமல் ஓடியிருக்கிறது. இதைத் திருத்தி அப்டேட் விட்டார்கள். சந்தேகம் வரும்போது பேட்டரி பக்கத்தைப் பார்த்து அந்த ஒன்றை மட்டும் மூடுங்கள், போதும்.

கேள்வி: எங்கள் எஸ்டேட் லயன் வீட்டில் போன் காலையில் சார்ஜ் போட்டால் மதியத்துக்குத் தாங்காது. அதே போன் பொள்ளாச்சிக்கு இறங்கினால் ராத்திரி வரை நிற்கிறது. மலைக் குளிர் காரணமா?
— வாசகி, வால்பாறை

குளிரின் பங்கு கொஞ்சம்தான். முக்கியக் காரணம் தூரம். அறையின் அந்தக் கோடியில் இருப்பவரிடம் கத்திப் பேசுகிற மாதிரி, டவர் தள்ளி இருந்தால் போன் சக்தியைக் கூட்டி அனுப்ப வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்று டவர் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும். 3ஜி-யில் அந்தக் கட்டளை நொடிக்கு 1,500 தடவை போகும். 4ஜி போன் பொதுவாக 200 மில்லி வாட் வரை அனுப்பலாம். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் மிகச் சிறிய பங்கே போதும். உங்கள் லயன் வீட்டில் போன் முழு 200-லும் கத்திக்கொண்டிருக்கும். அந்த 200 வெளியே போக, உள்ளே பேட்டரியிலிருந்து அதைப் போலப் பல மடங்கு எடுக்க வேண்டியிருக்கும். மிச்சம் சூடாக வீணாகும். உங்கள் போன் மலையில் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் நடக்கும். சிக்னல் மெலிந்த இடத்தில் டேட்டா மெதுவாக வரும், நடுவில் சிதையும், மறுபடி அனுப்ப வேண்டும். பொள்ளாச்சியில் ஒரு நொடியில் வரும் படம் அங்கே அரை நிமிடம் எடுத்தால், ரேடியோ அரை நிமிடமும் விழித்திருக்கும். அதே அரை நிமிடம் டவரும் உங்களுக்காக இடம் ஒதுக்குகிறது. டவரடியில் நிற்பவர் ஒரு படத்துக்கு எடுக்கும் இடத்தைப் போலப் பல மடங்கை எல்லையில் இருப்பவரின் அதே படம் எடுக்கும். ஆகவே மலையோரத்தில் பத்து வீட்டில் சிக்னல் மெலிந்தால் அந்த டவரில் இருக்கும் எல்லாருக்குமே நெட் மந்தமாகும். ‘ஆள் குறைவாகத்தானே இருக்கிறார்கள், இன்னொரு டவர் எதற்கு?’ என்று கூட்டத்தில் கேட்பவர்களிடம் நான் பல தடவை சண்டை போட்டது இதற்காகத்தான். ஆளை எண்ணிப் பார்த்தால் மலை ஊர்கள் எப்போதும் தோற்றுப்போகும்.

வீட்டுக்குள் எந்த ஜன்னலோரம் சிக்னல் கோடு கூடுகிறது என்று நடந்து பாருங்கள். இரண்டடி நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். நெட் வேண்டாத நேரம் டேட்டாவை அணையுங்கள். இரண்டாவது சிம்முக்கு அங்கே சிக்னலே இல்லை என்றால் அதை செட்டிங்ஸில் அணைத்து வையுங்கள், இல்லாத டவரைத் தேடித் தேடியே சார்ஜ் தீரும்.

கேள்வி: உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். ஆப்பை அணைக்க முடியாது, லொகேஷனை அணைக்க முடியாது. மூன்று மணிக்கு போன் செத்துவிட்டால் அன்றைய ராத்திரி ஆர்டர் போச்சு. பவர் பேங்க் தவிர வழி உண்டா அக்கா?
— வாசகர், சென்னை

தம்பி, அணைக்கச் சொல்லி உங்களுக்கு யோசனை சொல்வதில் அர்த்தமில்லை. உங்கள் ஆப் செயற்கைக்கோளிலிருந்து இடத்தைக் கணிக்கிறது, அதைச் சில நொடிக்கு ஒரு தடவை மேலே அனுப்புகிறது, மேப்புக்காகத் திரையும் எரிகிறது. மேலே டீச்சருக்குச் சொன்ன கணக்குப்படி, பத்து நொடிக்குள் அடுத்த தகவல் போகிறது என்றால் ரேடியோ தூங்கவே வாய்ப்பில்லை. வண்டி ஓடும்போது டவர் விட்டு டவர் மாறுவது வேறு. நீங்கள் கடை வாசலில் இருபது நிமிடம் ஆர்டருக்குக் காத்து நிற்கும்போது இடம் மாறவில்லையே, அப்போதும் அதே வேகத்தில் அனுப்ப வேண்டிய அவசியம் என்ன? அசையாதபோது இடைவெளியைக் கூட்டு என்று ஆப்பை எழுதுபவர் நாலு வரி சேர்த்தால் போதும், போனுக்குள் அசைவு உணரும் சென்சார் இருக்கிறது. இதைச் செய்ய வேண்டியவர்கள் அவர்கள். உங்கள் ராத்திரிச் சம்பாத்தியம் அந்த நாலு வரியில் இருக்கிறது.

உங்கள் கையில் இருப்பவை: மற்ற ஆப்களுக்கு ‘டேட்டா சேவர்’ போட்டு, வேலை ஆப்பையும் மேப்பையும் மட்டும் விலக்குப் பட்டியலில் வையுங்கள். ஏரியா மேப்பை வீட்டு வைஃபையில் முன்பே இறக்கி வைத்தால் வழியில் இறக்க வேண்டியதில்லை. ஹேண்டில்பாரில் வெயில் நேராக அடித்தால் திரை வெளிச்சம் தானாகக் கூடும், பேட்டரியும் சூட்டில் சீக்கிரம் கெடும். அதற்கு மேலே சின்னதாக ஒரு நிழல் தகடு வையுங்கள். வண்டியிலிருந்தே சார்ஜ் ஏற்றும் ஒயரை நல்ல எலக்ட்ரீஷியனிடம் ஃபியூஸோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருவண்ணாமலை தீபத்துக்குப் போயிருந்தோம். சிக்னல் முழுக்கோடு காட்டியது, ஆனால் ஒரு போட்டோ போகவில்லை. போன் கொதித்தது, சார்ஜ் பாதி இறங்கிவிட்டது. முழுச் சிக்னல் இருந்தும் ஏன்?
— வாசகர், விழுப்புரம்

கோடு காட்டுவது டவரின் குரல் உங்களுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை. டவருக்கு உங்கள் குரலைக் கேட்க நேரம் இருக்கிறதா என்பதைக் கோடு காட்டாது.

தீபத்துக்கு லாரியில் ஏற்றிய நடமாடும் டவரோடு நானும் இரண்டு வருடம் போயிருக்கிறேன். அந்த மாலை ஆறு மணியை மறக்க முடியாது. ஐந்தே முக்கால் வரை கணினித் திரையில் கோடுகள் தாங்கக்கூடிய உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மலை உச்சியில் தீபம் ஏறியது, கிரிவலப் பாதை முழுக்க ‘அரோகரா’ என்று குரல் எழுந்தது, எல்லாக் கையும் போனோடு மேலே போயின. நானும் கும்பிட்டுவிட்டுத் திரையைப் பார்த்தால் இணைப்புக் கேட்டு வரும் கோரிக்கைகளின் கோடு செங்குத்தாக நிற்கிறது. வெற்றிகரமாக இணைந்தவற்றின் கோடு கீழே போய்க்கொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். தூங்கும் போன் டேட்டா அனுப்ப வேண்டுமென்றால் முதலில் டவரின் கதவைத் தட்ட வேண்டும். 4ஜி-யில் ஒரு செல்லுக்கு, அதாவது டவர் ஒரு பக்கமாகச் சிக்னல் பரப்பும் பகுதிக்கு, அப்படித் தட்டுவதற்கான குறியீடுகள் 64. இரண்டு போன்கள் ஒரே கணத்தில் ஒரே குறியீட்டில் தட்டினால் மோதும். இரண்டில் ஒன்றோ, சில சமயம் இரண்டுமோ மறுபடி தட்ட வேண்டும். பதில் வராத போன் ஒவ்வொரு தடவையும் சக்தியைக் கூட்டித் தட்டும். ஆப்களும் சும்மா இருப்பதில்லை. போட்டோ போகவில்லை என்றதும் மறுபடி முயற்சி, மறுபடி முயற்சி. நீங்கள் போனைப் பைக்குள் வைத்த பிறகும் போட்டோவைத் தானாகச் சேமிக்கும் ஆப் அதே படத்தை வேறு பக்கம் தள்ளப் பார்க்கும். சார்ஜ் பாதி இறங்கியது அங்கேதான். போகாத படத்துக்குத்தான் போன படத்தைவிடச் செலவு அதிகம்.

அடுத்த வருடம் போகும்போது தானியங்கி சேமிப்பை அணைத்துவிட்டுப் போங்கள். படத்தை எடுங்கள், ஊர் திரும்பிய பிறகு அனுப்புங்கள். கூட்டத்தில் குழந்தையோ பெரியவரோ பிரிந்துவிட்டால் வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம், சாதா எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அது மிகச் சிறியது, டேட்டா வழியில் நெரிசல் இருந்தாலும் பெரும்பாலும் போய்ச் சேரும்.

கேள்வி: 5ஜி-யை அணைத்து 4ஜி-யில் வைத்தால் சார்ஜ் நிற்குமா?
— வாசகர், திருச்சி

உங்கள் தெருவில் 5ஜி சிக்னல் வந்து வந்து போகிறது என்றால், நிற்கும். இந்தியாவில் 2022 அக்டோபர் 1-ஆம் தேதி 5ஜி தொடங்கியபோது ஏர்டெல் நிறுவனம் 4ஜி-யின் மேலே 5ஜி-யை ஏற்றிவைத்த முறையில் தொடங்கியது. அதில் டேட்டா ஓடும்போது போன் இரண்டு ரேடியோவையும் விழித்து வைத்திருக்கும். தனித்து நிற்கும் 5ஜி-யில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஓர் அரைத்தூக்க நிலை இருக்கிறது, அடிக்கடி வரும் சின்னச் சின்னத் தகவலுக்காகவே சேர்த்தது. அது ஒழுங்காக அமைந்த இடத்தில் 5ஜி-யே மேல்.

கேள்வி: நானும் என் நண்பரும் பால் சொசைட்டிகளுக்காக ஓர் ஆப் எழுதுகிறோம். விவசாயி பால் ஊற்றியதும் லிட்டர், கொழுப்பு, தொகை அவர் போனுக்கு வர வேண்டும். இப்போது 20 நொடிக்கு ஒரு முறை சர்வரிடம் ‘புதிது உண்டா’ என்று கேட்கும்படி வைத்திருக்கிறோம். ஒரு தடவைக்கு 1 கே.பி.கூட ஆகாது. ஆனால் போனில் சார்ஜ் நிற்கவில்லை என்று விவசாயிகள் ஆப்பை நீக்குகிறார்கள். எங்கே தவறு?
— இளம் மென்பொருளாளர், ஈரோடு

இந்தக் கடிதத்தைக் கடைசியில் வைத்தது, இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக.

ஒரு விவசாயி காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை பால் ஊற்றுகிறார். நாளைக்கு இரண்டு செய்தி. 20 நொடிக்கு ஒரு கேள்வி என்றால் நாளைக்கு 4,320 கேள்வி. 4,318 தடவை ‘இல்லை’ என்ற பதிலுக்காக அவர் போன் எழுந்திருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பத்து நொடி வால் என்றால், அவர் ரேடியோ நாளில் பாதி நேரம் விழித்தே இருக்கிறது. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத தோட்டத்து வீட்டில் அவர் ஆப்பை நீக்கியது நியாயம்.

தகவல் இருக்கும்போது சர்வர் சொல்லட்டும், போன் கேட்க வேண்டாம். அதற்குத்தான் ‘புஷ்’ இருக்கிறது. ஆப்பிள் 2009-இலும் கூகுள் 2010-இலும் இதைக் கொண்டுவந்தன. போன் கூகுளோடு ஒரே ஒரு தொடர்பை வைத்துக்கொள்ளும், எல்லா ஆப்புக்கும் வரும் செய்தி அந்த ஒரு வழியில் வரும். ஊருக்கு ஒரு தபால்காரர் என்பதுபோல.

அந்த ஒரு தொடர்புகூடச் சும்மா இருப்பதில்லை, ‘இருக்கிறேன்’ என்று இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் நெட்வொர்க் கருவிகள் அந்தத் தொடர்பை மறந்துவிடும். அந்தச் சின்னச் சொல் எவ்வளவு பெரிய சுமையாகும் என்பதற்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். 2012 ஜனவரி 25-ஆம் தேதி காலை, டோக்கியோவில் என்.டி.டி. டோகோமோ நிறுவனத்தின் நெட்வொர்க் திணறியது. ஏறக்குறைய 25 லட்சம் பேருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்பு கிடைப்பது கஷ்டமாயிற்று. டேட்டாவை வழி பார்த்து அனுப்புவதற்காகப் புதிதாக வைத்த பாக்கெட் ஸ்விட்ச் கருவிகள் டேட்டாவின் அளவால் திணறவில்லை. ஸ்மார்ட்போன்களின் அரட்டை ஆப்களும் நெட் அழைப்பு ஆப்களும் எழுப்பிய கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகளின், அதாவது இணைப்பை ஏற்படுத்தவும் வெட்டவும் நடக்கும் பேச்சின், எண்ணிக்கையால் திணறின. ஆண்ட்ராய்டு போன், யாரும் தொடாவிட்டாலும் 28 நிமிடத்துக்கு ஒரு முறை அப்படிச் சமிக்ஞை அனுப்புகிறது என்று அந்த நிறுவனம் விளக்கி, அதைக் குறைக்க கூகுளிடம் கேட்டுக்கொண்டது. 28 நிமிடம், தம்பி. உங்களுடையது 20 நொடி.

எங்கள் பக்கமும் இதையே பார்த்தேன். 3ஜி காலத்தில் ஒரு டவரில் கல்லூரி விடுதியைப் பார்த்த பக்கத்தில் டேட்டா அளவு பாதிகூட நிரம்பவில்லை, ஆனால் புதிய இணைப்பு கிடைக்கவில்லை என்று தினமும் புகார். நாங்கள் ஆன்டெனாவைச் சாய்த்துப் பார்த்தோம், ஒயரை மாற்றினோம். பிறகுதான் தெரிந்தது. அப்போது வந்த சில போன்கள் சார்ஜ் மிச்சம் பிடிக்க, வால் முடியும் வரை காத்திராமல் தாமாகவே தொடர்பை வெட்டிக்கொண்டன. அடுத்த செய்திக்கு உடனே மறுபடி இணைப்புக் கேட்டன. ஒவ்வொரு இணைப்புக்கும் போனும் டவரும் பின்னால் உள்ள கருவிகளும் வரிசையாகக் கைகுலுக்க வேண்டும். போன் மிச்சம் பிடித்ததை நெட்வொர்க் சுமந்தது. பின்னால் 3ஜி தர விதிகளிலேயே ‘தூங்கப் போகட்டுமா’ என்று போன் கேட்க, நெட்வொர்க் முடிவு சொல்லும்படி மாற்றினார்கள்.

இனி உங்கள் ஆப். பால் ரசீதை புஷ் செய்தியிலேயே வைத்து அனுப்புங்கள், மூன்று எண்கள்தானே. போன் விழித்ததும் மறுபடி சர்வருக்கு ஓட வேண்டாம். மாதக் கணக்கு, விலைப்பட்டியல் போன்ற அவசரமில்லாதவற்றை ஆண்ட்ராய்டின் ‘வொர்க்மேனேஜர்’ இடம் விடுங்கள். வேறு ஆப் எழுப்பியிருக்கும் நேரமோ, சார்ஜில் இருக்கும் நேரமோ பார்த்து அது சேர்த்துச் செய்துகொள்ளும். எல்லாப் போனும் சரியாகக் காலை 6.00-க்குப் புதுப்பிக்கும்படி எழுதிவிடாதீர்கள். பால் ஊற்றும் நேரத்தில் ஊரே ஒரு டவரைத் தட்டும். ஒவ்வொரு போனுக்கும் சில நிமிடம் முன்பின்னாகச் சிதறவிடுங்கள். சர்வர் பதில் சொல்லாவிட்டால் 5 நொடி, 10, 20, 40 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள். தீபத்தன்று நான் பார்த்த அந்தச் செங்குத்துக் கோட்டில் பாதிக்கு மேல் இடைவெளி விடத் தெரியாத ஆப்கள் போட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

காசுக்காக விளம்பரம் சேர்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். பர்டூ பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த இலவச ஆப்களில் செலவான சக்தியில் 65 முதல் 75 சதவீதம் மூன்றாம் தரப்பு விளம்பர நிரல்களுக்கே போயிருந்தது. விவசாயியிடம் மாதம் ஐந்து ரூபாய் வாங்கினாலும் பரவாயில்லை, அதைச் சேர்க்காதீர்கள்.

ஒரே மாதிரி இரண்டு போன் எடுத்து, ஒன்றில் பழையதும் ஒன்றில் புதியதுமாகப் போட்டு, ஏதாவது ஒரு சொசைட்டி மேஜையில் ஒரு ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காலையில் முதல் கேன் வரும்போது இரண்டிலும் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்த இரண்டு எண்ணையும் போடுகிறேன்.